உரசும் டயரின் வரலாறு

ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 திண்டுக்கல் மாவட்டத்திற்குள் நுழைந்ததும் வேடசந்தூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. பழைய எண்ணான 7 என்று சொன்னால்தான் இந்தப் பக்கத்தில் பலருக்கு இன்றும் புரியும். நூற்பாலைகள், குடகனாறு, 1948-ல் தொடங்கிய புகையிலை ஆராய்ச்சி நிலையம் என்று அறியப்பட்ட ஊர் இது. நான்கு வழிச்சாலை வந்த பிறகு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. தரையோடு ஒட்டினாற்போல் இறக்கப்பட்ட கார்கள்! பளபளக்கும் அலாய் வீல், ரப்பர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லிய டயர்.

நெடுஞ்சாலையில் இந்தக் கார்கள் வழுக்கிக்கொண்டு போகும். அதே கார் ஊருக்குள் திரும்பி, ஒரு வேகத்தடையில் ஏறி, நான்கு பேர் உட்கார்ந்த நிலையில் வளையும்போது உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். "சர்ர்ர்..." டயர் மட்கார்டில் உரசும் சத்தம் அது. வண்டி வைத்திருப்பவர் ஸ்டீரியோவைக் கூட்டி வைத்துவிடுவார். ஆனால் உரசல் நிற்பதில்லை.

இந்தச் சத்தத்திற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சக்கரத்தை மாற்றினால் வண்டியும் மாறும் என்பதை மனிதன் பலமுறை மறந்து, பலமுறை திரும்பக் கற்றுக்கொண்ட கதை அது.

கட்டை வண்டியில் இருந்து டயர் வண்டிக்கு

கார் வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினை நம் ஊர்களில் இருந்தது. பழைய கட்டை வண்டியை நினைத்துப் பாருங்கள். பெரிய மரச்சக்கரம், அதன் மேல் இரும்புப் பட்டை, நடுவே குடம், கழன்றுவிடாமல் இருக்கக் கடையாணி. வண்டியின் தட்டு இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் அமர்ந்திருக்கும். தட்டின் ஓரத்திற்கும் சக்கரத்திற்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது வண்டி செய்யும் ஆசாரிக்குத் தெரியும். பாரம் ஏறினால் அச்சு சற்று வளையும், பள்ளத்தில் இறங்கினால் சக்கரம் ஆடும். அந்த ஆட்டத்திற்கும் சேர்த்துத்தான் அவர் இடம் விடுவார்.

பின்னர் காற்றடைத்த டயர் மாட்டு வண்டிக்கும் வந்தது. டயர் சக்கரம் மரச்சக்கரத்தைவிட மிகச் சிறியது. பழைய வண்டியின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு டயரை மாட்டினால் போதும் என்று நினைக்க முடியவில்லை. அச்சு தாழ்ந்தால் தட்டும் தாழும். நுகத்தடிக்கும் வண்டிக்கும் உள்ள சாய்வு மாறி மாட்டின் கழுத்தில் பாரம் வேறு விதமாக விழும். அதனால் டயர் வண்டியின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. தட்டு சக்கரங்களுக்கு இடையில் இல்லாமல் சக்கரங்களுக்கு மேலே போயிற்று. உரச இடமே இல்லை!

சக்கரத்தை மாற்றியவர்கள் வண்டியையும் சேர்த்து மாற்றினார்கள். இன்று சக்கரத்தை மட்டும் மாற்றுகிறார்கள். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

காற்று அடைத்த கதை

ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-ல் காற்றடைத்த சக்கரத்திற்கு முதல் காப்புரிமை பெற்றார். அன்று மோட்டார் காரும் இல்லை, சைக்கிளும் இன்றைய வடிவத்தில் இல்லை. கண்டுபிடிப்பு தூங்கிப்போனது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்தார். 1895-ல் பாரிஸில் இருந்து போர்டோ வரை சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயருடன் காரை ஓட்டினார்கள். பஞ்சர் மேல் பஞ்சர் ஆனது. பந்தயத்தை வெல்லாவிட்டாலும், காருக்கும் காற்று டயர் பொருந்தும் என்று காட்டிவிட்டார்கள்.

1924-ல் எத்தோரே புகாட்டி தன் டைப் 35 பந்தயக் காரில் அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களைப் பொருத்தினார். பிரேக் டிரம்மும் சக்கரத்தோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருந்தது. இன்றைய அலாய் வீலின் தாத்தா என்று அதைச் சொல்லலாம். ஆனால் லியோன் நகரில் நடந்த அதன் முதல் பெரிய பந்தயத்திலேயே டயர்கள் கைவிட்டன. சக்கரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் டயர் ஒத்துழைக்க வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

அடுத்த பெரிய திருப்பம் ரேடியல் டயர். மிஷலின் நிறுவனம் 1946-ல் காப்புரிமை பெற்று அடுத்த சில ஆண்டுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பக்கச்சுவர் மெலிதாகவும் நெகிழ்வாகவும் இருக்க, தரையைத் தொடும் பகுதி மட்டும் உறுதியாக இருக்கும்படி செய்தார்கள். அதனால் டயரின் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவது சாத்தியமானது. இன்று மெல்லிய டயர்கள் இருப்பதற்குக் காரணம் அந்தக் கண்டுபிடிப்புதான்.

தமிழகத்தின் பங்கும் இதில் சிறியதல்ல. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையைத் தொடங்கினார். 1952-ல் டயருக்கு ரீட்ரெடிங் செய்யும் ரப்பருக்கு மாறினார். 1960-களின் தொடக்கத்தில் டயரே செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். டன்லப் நிறுவனம் 1959-ல் அம்பத்தூரில் ஆலை திறந்தது. இந்தியாவில் ரேடியல் டயரை 1977-ல் ஜே.கே. டயர் அறிமுகப்படுத்தியது.

காரை ஏன் இறக்கினார்கள்?

காரைத் தாழ்த்துவது முதலில் பந்தயக்காரர்களின் வேலை. கார் வளையும்போது எடை வெளிப்பக்கமாகச் சாயும். எடையின் மையம் தரைக்கு நெருக்கமாக இருந்தால் சாய்வு குறையும், வேகமாக வளையலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சுத்தமான இயற்பியல்.

பிறகு அது அழகுக்காகவும் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய கார்களை வாங்கி, ஸ்பிரிங்கை வெட்டி, டிக்கியில் மணல் மூட்டை போட்டுத் தாழ்த்தி, மெதுவாக ஊர்வலம் போனார்கள். வேகம் அவர்கள் நோக்கம் அல்ல. "எங்களையும் பார்" என்பதுதான் நோக்கம்.

அரசாங்கம் பார்த்தது! சக்கரத்தின் ரிம்மின் அடிப்பகுதியைவிடக் காரின் எந்தப் பகுதியும் தாழ்ந்திருக்கக் கூடாது என்று 1958-ல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. இளைஞர்கள் விடவில்லை. 1959-ல் ரான் அகீரே என்பவர் தன் கொர்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். ஸ்விட்சைத் தட்டினால் கார் எழும், மறுபடி தட்டினால் இறங்கும். போலீஸ் வந்தால் உயரம், போனால் தாழ்வு. அந்தத் தடை பல பத்தாண்டுகள் நீடித்து, 2024 ஜனவரி 1 முதல்தான் நீக்கப்பட்டது.

இதே விளையாட்டை ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் ஆடினார்கள். 1981-ல் கார்களுக்கும் தரைக்கும் இடையே 6 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் நிற்கும்போதுதான் அளக்க முடியும். பிரபாம் அணியின் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரே, வேகம் கூடும்போது காற்றின் அழுத்தத்தால் தானாகத் தாழ்ந்து, மெதுவாக வரும்போது தானாக எழும் சஸ்பென்ஷனைச் செய்தார். அந்த ஆண்டு உலகப் பட்டத்தை அந்த அணியின் நெல்சன் பிகே வென்றார்.

இந்த இரண்டு கதைகளிலும் ஒரு பொதுவான செய்தி உண்டு. காரைத் தாழ்த்தியவர்கள், தேவைப்படும்போது உயர்த்தவும் வழி வைத்திருந்தார்கள். நம் ஊர் ரசிகர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சோழவரம், கோவை, பிறகு வீதி

1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடத்தியது. இந்தியாவில் கிடைத்தது மூன்று வகைக் கார்கள். அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மாற்றுப் பாகங்கள் கடையில் கிடைக்காது. இருப்பதை வெட்டி, ஒட்டி, கடைந்துதான் பந்தயக் காராக மாற்ற வேண்டும்.

அந்தக் கலையில் கோயம்புத்தூர் முன்னால் நின்றது. லேத்தும் ஃபவுண்டரியும் நிறைந்த ஊர் அல்லவா! கோவையின் எஸ். கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். பல இளைஞர்கள் குறைந்த செலவில் பந்தயத்திற்கு வர அது வழி செய்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. சோழவரத்திற்குப் பதிலாக 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும், 1990-களில் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்ததும் நிலைமை மாறியது. அலாய் வீல் கடைப் பொருளாக ஆனது. பந்தயத் தடத்தில் அளந்து செய்த வேலை, வீதியில் கண் பார்வைக்குச் செய்யும் வேலையாக மாறியது.

உரசல் எங்கே பிறக்கிறது?

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாருதி ஸ்விஃப்ட் காரின் பழைய மாடல்களில் 165/80 ஆர் 14 என்ற அளவு டயர் வந்தது. 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக பக்கச்சுவர் 132 மி.மீ. மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ.

அதே காரின் உயர்ந்த வகையில் நிறுவனமே 185/65 ஆர் 15 கொடுத்தது. கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 621.5 மி.மீ. வருகிறது. ரிம் ஒரு அங்குலம் பெரிதானாலும் வெளிவிட்டத்தில் வித்தியாசம் 2 மி.மீ.தான்! ரிம்மைக் கூட்டினால் பக்கச்சுவரைக் குறை, மொத்த உயரத்தை மாற்றாதே என்பதுதான் விதி.

இப்போது ஒருவர் 205/55 ஆர் 16 மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் சுமார் 632 மி.மீ. அதாவது டயரின் மேல்பகுதி 6 மி.மீ. உயரே போகிறது. அகலம் 40 மி.மீ. கூடுகிறது. பக்கத்திற்கு 20.

இதோடு ஆஃப்செட் என்ற ஒன்று உண்டு. சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்திற்கும் உள்ள தூரம் அது. முன்பு 45 ஆக இருந்து புது வீலில் 35 ஆனால், சக்கரம் முழுவதும் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ஆக வெளிப்பக்கம் 30 மி.மீ. பிதுங்கும். உள்பக்கமும் 10 மி.மீ. நெருங்கும். வெளியே மட்கார்டின் மடிப்பு, உள்ளே ஷாக் அப்சார்பர்.

இதற்கு மேல் காரை 50 மி.மீ. இறக்கினால்? டயருக்கும் மேல் வளைவுக்கும் இடையே இருந்த இடைவெளியில் மொத்தம் 56 மி.மீ. போய்விட்டது. கார் காலியாக நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பும்போது பின் சீட்டில் மூன்று பேர், டிக்கியில் மூட்டை. அப்போதுதான் பின் டயர் மட்கார்டின் மடிப்பைத் தொடும். வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலையில் ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்து வளைக்கும்போதுதான் முன் டயர் உட்பக்க பிளாஸ்டிக்கைச் சுரண்டும். கடை வாசலில் சோதித்துப் பார்த்தது எதுவும் அங்கே உதவாது.

வேகத்தடை வேறு இருக்கிறது. இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். தரை இடைவெளி 170 மி.மீ. உள்ள காரை 50 மி.மீ. இறக்கினால் மிச்சம் 120. ஐந்து பேர் ஏறினால் அதிலும் குறையும். அளவுப்படி கட்டிய வேகத்தடையே சிக்கல் என்றால், ஊர்க்காரர்கள் தாங்களாகவே போட்ட குறுகலான மேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெட்டிய ஸ்பிரிங்கும் உருட்டிய மட்கார்டும்

உரசலைச் சரிசெய்ய நல்ல வழியும் உண்டு, கெட்ட வழியும் உண்டு.

கெட்ட வழியில் முதலாவது, ஸ்பிரிங்கைச் சூடாக்கி உட்கார வைப்பது. எஃகுக்கு ஆலையில் கொடுத்த பதம் அதோடு போய்விடும். ஒரு நாள் அது உடையலாம். சுற்றை வெட்டுவதும் அப்படித்தான். கார் தாழும், ஆனால் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தில் இறுக்கமாக உட்காராமல் நழுவலாம்.

இரண்டாவது, "கொஞ்ச நாளில் டயரே தேய்ந்து இடம் பண்ணிக்கொள்ளும்" என்று விட்டுவிடுவது. மட்கார்டின் மடிப்பு ஒரு தகட்டு விளிம்பு. அது பக்கச்சுவரைக் கிழித்தால் டயர் வெடிக்கும். அதுவும் நெடுஞ்சாலை வேகத்தில்.

நல்ல வழி பொறுமையைக் கேட்கும். சரியான ஆஃப்செட் உள்ள வீலைத் தேர்ந்தெடுப்பது. டயரின் அகலத்தை ஒரு படி குறைப்பது. மட்கார்டின் உள் மடிப்பைச் சூடு காட்டி, பெயின்ட் வெடிக்காமல் மெல்ல உருட்டி மடக்குவது. காரையும் டயரையும் வாங்குவதற்கு முன்பே, ஆள் ஏற்றி, முழுதாக வளைத்து, இடைவெளியை அளந்து பார்ப்பது. பழைய பந்தயக்காரர்கள் களிமண் உருண்டையை மட்கார்டுக்குள் ஒட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். திரும்பி வந்ததும் அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் மிச்சம் உள்ள இடம் தெரிந்துவிடும். செலவே இல்லாத அளவுகோல்!

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2000-ல் அது திருத்தப்பட்டது. 2019 ஜனவரியில் கேரளத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விளக்கியது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து பதிவுச் சான்றிதழில் உள்ளவை மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். நிறத்தை மாற்றுவது, சிறு பொருத்துகள் ஆகியவை வேறு. ஆனால் அடிப்படை அமைப்பில் கை வைக்க முடியாது.

காப்பீட்டையும் மறந்துவிடக் கூடாது. வண்டியில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்காமல் இருந்துவிட்டு, விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்டால் கேள்வி வரும். ஐந்து ஆண்டுக் கடனில் வாங்கிய காருக்கு அந்தக் கேள்வி மிகவும் விலை உயர்ந்தது. வீல் வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி யோசிப்பதில்லை.

முடிவாக...

இந்த ஆசையைக் கேலி செய்ய வேண்டியதில்லை. கலிஃபோர்னியா இளைஞர்களுக்கும் சோழவரம் பந்தயக்காரர்களுக்கும் இருந்த அதே ஆசைதான் இங்கும் இருக்கிறது. தொழிற்சாலை எல்லோருக்கும் ஒரே மாதிரி செய்து கொடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் ஆசை. அது தப்பில்லை. ஆனால் அவர்கள் அளந்தார்கள்.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒரு சொல் உண்டு. ஆண்டின் கடைசியில் ஒரு வரியில் எழுதிக் கழித்துவிடலாம். டயரின் தேய்மானத்தை அப்படி எழுதிவிட முடியாது. அது ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும், உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உயிரைப் பிணையாக வைத்துக்கொண்டு நடக்கிறது.

கட்டை வண்டி செய்த ஆசாரிக்கு ஆஃப்செட் என்ற சொல் தெரியாது. ஆனால் பாரம் ஏறிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் எவ்வளவு ஆடும் என்று தெரியும். அந்த ஆட்டத்திற்கு இடம் விட்டுவிட்டுத்தான் அவர் கடையாணியை அடித்தார். அடுத்த முறை "சர்ர்ர்" என்று கேட்டால் ஸ்டீரியோவைக் கூட்ட வேண்டாம். வண்டியை ஓரமாக நிறுத்தி, குனிந்து, உள்ளே ஒருமுறை பாருங்கள்.